பாம்பின் கால் அறிந்தோர்

பொன்னும் இரும்பும் மண்ணுள் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறைபவை. மரமும் மீனும் மூலிகையும் விலங்கும் அத்தகையன அல்ல. அளவறிந்து எடுத்தால் அவை மீண்டும் தழைக்கும். அளவு கடந்து எடுத்தால் அடியோடு அழியும். ஆகவே, உயிர்ச்செல்வத்தைக் கொண்டு வாழ விரும்புவோர் எடுக்கும் வகையை மட்டும் கற்றால் போதாது. காக்கும் வகையையும் கற்றாக வேண்டும்.

இத்தகைய தொழில்கள் பல உள்ளன. காட்டு அலுவலராக விரும்புவோர்க்குப் பயிற்சி தரும் கல்லூரி 1912-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பெற்றது. அதே நகரில், தென்னாட்டுச் செடிகொடிகளை உலர்த்திப் பெயரிட்டுப் பேணும் தாவர ஆய்வுநிலையம் ஒன்று உண்டு. கடல்வாழ் உயிர்களை ஆராய 1947-இல் தொடங்கப்பெற்ற நிலையம், இப்பொழுது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகின்றது. இவற்றிற்கெல்லாம் பாடநூல் உண்டு, தேர்வு உண்டு, பட்டமும் உண்டு. ஆனால், பாடநூலும் பட்டமும் இன்றித் தோன்றி, ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்களைக் காக்கத் துணைநிற்கும் தொழில் ஒன்று சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய வடநெம்மேலி என்னும் ஊரில் நடைபெற்று வருகின்றது. அது பாம்பின் நஞ்சை எடுக்கும் தொழில். அதனைச் செய்பவர் இருளர்.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் ஆகிய மாவட்டங்களின் புதர்க்காடுகளையும் வயல்வெளிகளையும் ஒட்டி வாழும் பழங்குடியினர் இருளர். கன்னியம்மனை வழிபடுபவர். மூலிகைகளை நன்கு அறிந்தவர். அறுவடை முடிந்த வயல்களில் எலிவளைகளைத் தோண்டி, எலிகளைப் பிடிப்பதோடு, அவை ஒளித்து வைத்த நெல்லையும் மீட்டெடுப்பவர். எலியைத் தேடிச் செல்பவர் கண்ணில் பாம்பும் படுமன்றோ? எலி வாழும் வளையைத் தேடியே பாம்பும் வருகின்றது. ஆதலின் பாம்பு பிடித்தலும் இவர்களது பரம்பரைத் தொழிலாயிற்று.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். இருளர் நடுங்குவதில்லை, ஆயினும் அவர்கள் துணிச்சலை மட்டுமே நம்பிப் பாம்பு பிடிப்பவர் என்று எண்ணுவது தவறு. அவர்களது முதற்கருவி கண். வளையின் வாயில் மண் மழமழப்பாக இருந்தால் பாம்பு அண்மையில் உள்ளே சென்றிருக்கலாம். சிலந்தி வலை பின்னியிருந்தால் அங்குத் தோண்டுவது வீண். கழற்றிய சட்டை கிடந்தால் அதன் செதில் அமைப்பே பாம்பின் இனத்தைச் சொல்லிவிடும். அது ஈரமாக இருக்கிறதா, உலர்ந்து நொறுங்குகிறதா என்பது பாம்பு சென்ற காலத்தைச் சொல்லும். எலிமயிர் கலந்த எச்சம், புழுதியில் பதிந்த தடம், புற்றின் பக்கத்துத் துளை ஆகிய ஒவ்வொன்றும் இருளர்க்கு ஓர் எழுத்து. இவற்றைக் கூட்டிப் படித்த பின்னரே கடப்பாரை மண்ணில் இறங்கும். பாம்பின் கால் பாம்பறியும் என்னும் பழமொழியை ஆக்கியவர் இருளரைக் கண்டிருப்பின், அவர்களையும் அதில் சேர்த்திருப்பார்.

இவ்வளவு நுண்ணிய அறிவு ஒரு காலத்தில் அழிவுக்குப் பயன்பட்டது. வெளிநாடுகளில் பாம்புத் தோலால் ஆன கைப்பை, காலணி, இடைவார் முதலியவற்றை விரும்புவோர் பெருகினர். தோல் வணிகர் இருளரை நாடினர். நல்லபாம்பு, சாரை, விரியன், மலைப்பாம்பு என்னும் வேறுபாடின்றிப் பாம்புகள் கொன்று உரிக்கப்பட்டன. கடைவீதியில் பெருவிலை பெற்ற அத்தோலுக்கு, வெயிலில் அலைந்து பிடித்தவர் கையில் கிடைத்தது சொற்பமே. தோலுரிக்கப்பட்ட பாம்பின் நஞ்சோ, ஒருவர்க்கும் பயன்படாமல் மண்ணில் சிந்தியது. அந்த நஞ்சின் விலை தோலின் விலையினும் மிகுதி என்பதை அறிந்தவர் அன்று அங்கு எவரும் இலர்.

1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. அதனைத் தொடர்ந்து பாம்புத் தோல் வாணிகமும் ஏற்றுமதியும் தடைசெய்யப்பட்டன. பாம்புகள் பிழைத்தன, நாட்டிற்கு அது வேண்டிய செயலே. ஆனால், பாம்பு பிடித்து உண்டவர் இனி எதனால் உண்பது என்னும் கேள்விக்கு அச்சட்டத்தில் விடை இல்லை. நேற்றுவரை தொழில் எனப்பட்டது ஒரே நாளில் குற்றமாயிற்று. நிலமும் இல்லை, கல்வியும் இல்லை, வேறு கைத்தொழிலும் இல்லை. இயற்கையைக் காக்கும் சட்டங்கள் எளியவர் வயிற்றில் வந்து முட்டும் இடம் இதுவே. உலகின் பல நாடுகளிலும் இத்தகைய இடத்தில் காவலரும் குடிகளும் பகைவராகிப் போயினர். பகை வளர்ந்த இடங்களில் உயிர்களைக் காத்தலும் கடினமாயிற்று.

ஈண்டு அவ்வாறு நேரவில்லை. அமெரிக்காவில் பிறந்து இளமையிலேயே இந்தியாவுக்கு வந்த ரோமுலஸ் விட்டேக்கர் என்பார் சென்னையில் பாம்புப் பண்ணையை அமைத்தவர். 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவியவரும் அவரே. பாம்புகளைப் பற்றி அவர் கற்றவற்றுள் ஒரு பகுதி நூல்களிலிருந்து வந்தது. மற்றொரு பகுதி இருளரோடு காட்டில் நடந்து பெற்றது. தோல் வாணிகம் நின்றபோது, அவரும் இருளரும் சேர்ந்து ஒரு வழி கண்டனர். பாம்பைக் கொன்று ஒருமுறை விற்பதைவிட, உயிரோடு பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விடுவது மேல் அன்றோ? பாம்பும் வாழும், அதன் நஞ்சு மருந்தாகும், பிடித்தவர்க்குக் கூலியும் கிடைக்கும். இக்கருத்தின்படி 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. அதன் உறுப்பினர் இருளரே. பாம்பைக் கொண்டு வருபவரும் நஞ்சை எடுப்பவரும் அவர்களே. வணிகருக்காக உழைத்தவர் தம் சங்கத்திற்காக உழைக்கலாயினர்.

சங்கத்தின் தொழில் முறை கண்டிப்பானது. ஓராண்டில் எவ்வினத்தில் எத்தனை பாம்புகள் பிடிக்கலாம் என்பதை அரசின் வனத்துறை வரையறுத்து அனுமதி வழங்கும். நால்வகைப் பாம்புகளே கொள்ளப்படும்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நம் நாட்டில் பாம்புக்கடியால் நேரும் இறப்புகளுள் பெரும்பாலானவற்றிற்குக் காரணமாகக் கூறப்படுபவை இவையே. மிகச் சிறிய பாம்புகள் ஏற்கப்படுவதில்லை. வந்த பாம்பின் விவரங்கள் பேரேட்டில் பதியப்படும். பின்னர் மணல் இட்ட மட்பானையில் பாம்பை விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டிவிடுவர். மட்பானை குளிர்ச்சியானது, இருளானது, வளையைப் போன்றது. கண்ணாடிப் பெட்டியினும் அது பாம்புக்கு ஏற்றது. அயல்நாட்டுக் கருவி ஒன்றும் வேண்டாமலே அமைந்த இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது.

ஏறக்குறைய வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்படும். பயின்ற ஒருவர் கோலால் பாம்பை மெல்ல அடக்கி, தலையின் பின்புறத்தை விரல்களால் பற்றுவார். வாயில் மெல்லிய படலம் கட்டிய கண்ணாடிக் குப்பியை அதன் முன் நீட்டுவர். பாம்பு கடிக்கும்; பற்கள் படலத்தைத் துளைக்கும்; நஞ்சு துளிகளாக உள்ளே இறங்கும். நொடிகளில் முடியும் செயல் இது. ஆனால் விரல் ஒரு நெல்லளவு விலகினும் கேடு. விரைவு வேண்டும்; பதற்றம் கூடாது. அழுத்தினால் பாம்பின் எலும்பு முறியும். தளர்த்தினால் பிடித்தவர் உயிருக்கு இடர். இரண்டிற்கும் இடைப்பட்ட பிடியைச் சொல்லிக் கொடுத்தல் அரிது. பழகியே பெற வேண்டும்.

மூன்று நான்கு வாரங்களில் நான்கு முறை வரை நஞ்சு எடுத்தபின், பாம்பின் அடிவயிற்றுச் செதில்களில் ஒன்றிரண்டைச் சிறிதளவு நறுக்கி அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விடுவர். அடையாளம் உள்ள பாம்பு அண்மையில் நஞ்சு கொடுத்த பாம்பு. மீண்டும் அகப்பட்டாலும் அதனை ஏற்பதில்லை. சில முறை சட்டை உரித்தபின் அந்த அடையாளம் மறைந்துவிடும். நகத்தளவு செதிலில் எழுதப்படும் இக்கணக்கே இத்தொழிலுக்கும் பழைய தோல் தொழிலுக்கும் உள்ள வேறுபாடு. தோல் எடுத்த காலத்தில் கணக்கு வணிகர் கையில் இருந்தது, அது பணக்கணக்கு. இப்பொழுது கணக்கு பாம்பின் உடலிலேயே இருக்கின்றது.

எடுத்த நஞ்சு அப்படியே வைத்தால் கெடும். ஆதலின் அதனை உறைய வைத்து, நீரை அகற்றிப் பொடியாக்குவர். பொடியான நஞ்சு நெடுநாள் வீரியம் குன்றாதிருக்கும். நல்லபாம்பு ஓரளவு தாராளமாக நஞ்சு தரும். சுருட்டைவிரியனிடமிருந்து ஒருமுறை பெறுவதோ சில மில்லிகிராம் மட்டுமே. ஒரு கிராம் சேர்ப்பதற்கு மிகப் பல பாம்புகள் வேண்டும். அந்தப் பொடியின் விலை உயர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

மருந்து செய்யும் நிலையங்கள் அதனை வாங்குகின்றன. அங்குத் தொழில் வேறு கைகளுக்கு மாறுகின்றது. மிகச் சிறிய அளவு நஞ்சைக் குதிரைக்கு ஊசி வழியே செலுத்துவர். சிறிது சிறிதாக அளவைக் கூட்டுவர். குதிரையின் குருதியில் அந்நஞ்சை எதிர்க்கும் பொருள்கள் தோன்றிப் பெருகும். குதிரைக்குத் தீங்கு வாராத அளவில் குருதியை எடுத்து, அந்த எதிர்ப்பொருள்களைப் பிரித்துத் தூய்மை செய்து, குப்பிகளில் அடைப்பர். இதுவே நஞ்சுமுறி மருந்து. 1890-களில் கால்மெட் என்னும் பிரெஞ்சு அறிஞர் நல்லபாம்பின் நஞ்சுக்கு இவ்வகை மருந்தைக் கண்டார். ஓரினப் பாம்பின் நஞ்சால் செய்த மருந்து வேறினப் பாம்பின் கடிக்குப் பயன்படாது என்பதைச் சில ஆண்டுகளில் பிரேசில் நாட்டு அறிஞர் விட்டல் பிரசில் எடுத்துக்காட்டினார். இந்திய மருந்தில் நால்வகை நஞ்சும் சேர்க்கப்படுவது இதனால்தான். கடித்த பாம்பு எது என்று பல வேளைகளில் ஒருவர்க்கும் தெரிவதில்லை. கட்டுவிரியன் நள்ளிரவில், தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும். வலியும் பெரிதாகத் தோன்றாது. விடிந்தபின் கண்ணிமை தாழ்ந்து மூச்சுத் திணறும்போதே கடி தெரியவரும்.

இந்த மருந்தின் தேவை எத்துணைப் பெரிது என்பதை ஓர் எண் உணர்த்தும். 2000 முதல் 2019 வரையுள்ள காலத்தை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூரினர். கால் பங்கிற்கு மேற்பட்டோர் 15 வயதிற்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர். கடிவாயைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், வாயால் உறிஞ்சுதலும் தீமையே பயக்கும். கடிபட்டவரை அசையாமல் கிடத்தி, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே செயத்தக்கது. அங்கு அவரைக் காக்கும் குப்பியில் இருளர் ஒருவர் வேலியோரத்தில் பிடித்த பாம்பின் பங்கு இருக்கக்கூடும். இந்நாட்டில் நஞ்சுமுறி மருந்து செய்யப் பயன்பட்ட நஞ்சின் பெரும்பகுதி நெடுங்காலமாக வடநெம்மேலியிலிருந்தே சென்று வந்துள்ளது.

இருளர் திறமை கடல் கடந்தும் அறியப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலம் உண்டு. வீட்டில் வளர்க்கவென்று கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்கு வெளியேறிப் பெருகி, அந்நிலத்துக்கு உரிய விலங்குகளைத் தின்று குறைத்துவிட்டன. அவற்றைக் கண்டுபிடிப்பதற்காக 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அழைக்கப்பட்டனர். அந்நாட்டார் பெரும்பாலும் வண்டியில் சாலையோரமாகச் சென்று தேடுவது வழக்கம். இவ்விருவரோ அடர்ந்த புதருக்குள் நேரே நுழைந்து தடம் தேடினர். மொழி தெரியாது, மண் புதிது, பாம்பும் அவர்கள் நாள்தோறும் பிடிக்கும் இனம் அன்று. எனினும் முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுள்ளது. 2023-இல் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வடநெம்மேலியில் பாம்பைக் காப்பவர், புளோரிடாவில் அதனை அகற்றத் துணைபுரிவது முரண் ஆகாதோ? ஆகாது. மலைப்பாம்பு பர்மாவின் காட்டில் அக்காட்டின் ஓர் உறுப்பு. எவர்கிளேட்சில் அது அழையாமல் புகுந்த பகை. இங்குள்ள நல்லபாம்பும் சாரையும் வயலில் எலியைத் தின்று நெல்லைக் காப்பவை. எவ்வுயிர் எங்கு இருக்க வேண்டும் என்பதை அறிதலே காப்புத் தொழிலின் முதற்பாடம். உயிர்கள் எல்லாவற்றையும் எங்கும் பெருக்குதல் அத்தொழிலின் நோக்கம் அன்று.

இத்தொழிலில் இடர்கள் இல்லாமல் இல்லை. கடிபட்டுத் துன்புற்றவர் உண்டு. அனுமதி வரத் தாமதித்த காலங்களில் வேலையின்றிப் போனதும் உண்டு. நஞ்சு விற்கும் விலையும், அதனால் செய்த மருந்தின் மதிப்பும், பாம்பு பிடித்தவர் வாழும் குடிசையும் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கவில்லை. இருளர் மகளிர்க்கென 1986-இல் தொடங்கப்பெற்ற நலச்சங்கம் ஒன்று செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் மூலிகைத் தோட்டம் அமைத்து, நாற்று வளர்த்தும் மருந்து செய்தும் பொருள் ஈட்டுகின்றது. பாம்பை நாடாமலும் காட்டறிவைக் கொண்டு வாழலாம் என்பதற்கு அது சான்று.

அறிவியலார் அண்மைக் காலத்தில் கண்ட உண்மை ஒன்று இத்தொழிலையே புதிய நிலைக்குக் கொண்டுவந்துள்ளது. ஓரினப் பாம்பேயாயினும், அதன் நஞ்சு நாடு முழுவதும் ஒரே தன்மையது அன்று. தமிழ்நாட்டுக் கண்ணாடிவிரியனின் நஞ்சும் வடமேற்கு இந்தியாவில் உள்ள அதன் உறவின் நஞ்சும் வேறுபடுகின்றன. தென்னாட்டுப் பாம்புகளின் நஞ்சால் செய்த மருந்து சில இடங்களில் எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதனைத் தெளிவாகக் காட்டியுள்ளனர். பாஞ்சாலத்திலோ வங்கத்திலோ கடிபட்ட உழவர்க்கு, அந்தந்த நிலத்துப் பாம்பின் நஞ்சாலான மருந்து வேண்டும். அதற்கு ஒவ்வொரு பகுதியிலும் பாம்புகளைக் கண்டு பிடித்து, நஞ்சை எடுத்து, ஒழுங்காகக் கணக்கிட்டு, மீண்டும் விடும் நிலையங்கள் அமைய வேண்டும்.

அந்நிலையங்களுக்கு வேண்டிய ஆட்கள் யாவர்? நஞ்சில் உள்ள புரதங்களைப் பகுத்தறியும் வேதியியலார் வேண்டும். குதிரைகளைப் பேணும் கால்நடை மருத்துவர் வேண்டும். எத்தனை பாம்புகளைப் பிடித்தால் காட்டில் குறைவு நேராது என்று கணிக்கும் உயிரியலார் வேண்டும். பேரேடு எழுதுவோரும் வேண்டும். இவர்களைக் கல்லூரிகள் தரும். ஆனால், வளையின் வாயைப் பார்த்து உள்ளிருப்பது எதுவெனச் சொல்பவரை எந்தக் கல்லூரியும் தருவதில்லை. இருளர் சிறுவர் தந்தையோடு புதர்க்காட்டில் நடந்தே அதனைக் கற்றனர். இப்பொழுது அச்சிறுவர் பள்ளி செல்கின்றனர்; செல்லவும் வேண்டும். பள்ளி சென்றவருட் பலர் தந்தையின் தொழிலுக்குத் திரும்புவதில்லை. கடிபடும் இடரும் குறைந்த வருவாயும் உள்ள தொழிலை மகனுக்கு வேண்டாம் எனத் தந்தையரே கூறுவதும் உண்டு. அவர்களைக் குறை கூற இயலாது.

ஆகவே, புழுதித் தடத்தைப் படிக்க வல்லவர் ஒருபுறமும், ஆய்வுக்கூடத்துக் குப்பியைப் படிக்க வல்லவர் மறுபுறமுமாக இத்தொழில் இன்று நிற்கின்றது. இருவகைக் கல்வியும் ஒருவரிடத்தே அமைந்த இருளர் இளைஞர், இளம்பெண்டிர் சிலர் இனி வரக்கூடும். அவர்களுக்கு ஏற்ற பதவியும் ஊதியமும் இன்னும் வகுக்கப்படவில்லை.